டிஸ்சார்ஜ் சம்மரியில் விடுபடும் ஒரு வரி

பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை ஜிஎஸ்டி சாலையிலும், தாம்பரத்திலிருந்து சேலையூர், மேடவாக்கம் என்று நீளும் வேளச்சேரி சாலையிலும் சிறிதும் பெரிதுமாக எத்தனையோ மருத்துவமனைகள். தினமும் அவற்றிலிருந்து முதியவர்கள் வீடு திரும்புகிறார்கள். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் "இன்னிக்குப் போகலாம்" என்று சொல்லியிருப்பார். காப்பீட்டு ஒப்புதல் வருவதற்குள் பிற்பகல் கடந்திருக்கும். கடைசியில் ஒரு ஃபைல் கைக்கு வரும். ரத்தப் பரிசோதனைகள், ஸ்கேன், மாத்திரைப் பட்டியல், எல்லாவற்றுக்கும் மேலே டிஸ்சார்ஜ் சம்மரி. அதன் முடிவில் பெரும்பாலும் ஒரே வாசகம்தான் இருக்கும்: நோயாளி நினைவோடும் தெளிவோடும் இருக்கிறார், நிலை சீராக உள்ளது, வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்.

உடன் இருந்த மகளுக்கோ மருமகளுக்கோ வேறு சில காட்சிகள் நினைவிருக்கும். சிறுநீர்த் தொற்றுக்காகச் சேர்த்த மாமனார் இரண்டாம் நாள் இரவு டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்தார். என்றோ இறந்துபோன அண்ணன் கட்டிலருகே நிற்பதாகச் சொன்னார். பெற்ற மகளையே "நீ யாரும்மா?" என்று கேட்டார். நர்ஸ் விஷம் வைக்கிறாள் என்று கத்தினார். கையைக் கட்டிலோடு கட்டிப்போட்டு, ஊசி போட்டு உறங்க வைத்தார்கள். நான்காம் நாள் காபி கேட்டார், பேரனைக் கேட்டார், பழைய ஆளாகிவிட்டார். தென்சென்னைப் புறநகரில் முதியவர் உள்ள வீடுகளில் விசாரித்தால், சிறு மாற்றங்களோடு இதே கதை மறுபடி மறுபடி கிடைக்கும். ஃபைலில் மட்டும் அந்த இரண்டு இரவுகள் இருக்காது.

அவை ஃபைலில் இடம்பெற வேண்டும். முதியவருக்கு மருத்துவமனையில் திடீர்க் குழப்பம் வந்ததா, எதனால் வந்தது, முழுதும் தெளிந்ததா, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும். புதிய கட்டடமோ இயந்திரமோ இதற்குத் தேவையில்லை. செய்யாமல் விடுவதால் ஏற்படும் சேதமோ மிகப் பெரிது.

மூளை விடுக்கும் எச்சரிக்கை

மருத்துவர்கள் இதை டெலிரியம் என்கிறார்கள். உடலில் ஏற்படும் ஏதோ ஒரு கோளாறு மூளையின் வேலையைக் குலைப்பதால், சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வரும் குழப்பம் இது. கவனம் நிற்காது. சொன்னதைப் பிடித்துக்கொள்ள முடியாது. காலையில் தெளிவாக இருப்பவர் பொழுது சாய்ந்ததும் தடுமாறுவார். மறதிநோயான டிமென்ஷியா மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வருவது. இது திடீரென வந்து, காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் தணிவது.

காரணங்கள் பல. நிமோனியா, சிறுநீர்த் தொற்று, நீர்வற்றல், மூச்சுத் திணறல், அடைத்துக்கொண்ட சிறுநீர், நாட்கணக்கில் வராத மலம், இடுப்பெலும்பு முறிவு, அறுவைச் சிகிச்சை, தீராத வலி. சென்னையின் நடுத்தரக் குடும்பங்களுக்கு நன்கு தெரிந்த ஒன்று, "உப்பு குறைஞ்சுடுச்சு" என்பது. ரத்த அழுத்தத்துக்காகத் தரப்படும் சில நீர்பிரிக்கும் மாத்திரைகள் ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து, முதியவரைக் குழப்பத்தில் தள்ளிவிடும். மருந்துக் கடையில் சாதாரணமாக வாங்கும் சில இருமல், சளி மருந்துகளும் தூக்க மாத்திரைகளும் போதும். மருத்துவமனையின் சூழலும் சேர்ந்துகொள்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கும்போது மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி, பல்செட் மூன்றையும் பத்திரமாக இருக்கட்டும் என்று குடும்பத்தாரிடம் கொடுத்துவிடுகிறார்கள். இரவும் பகலும் ஒரே வெளிச்சம், ஓயாத இயந்திர ஒலி, தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. எண்பது வயதுக்காரர் இடம் காலம் புரியாமல் திகைப்பதற்கு இவ்வளவு போதாதா?

இது அரிதான நிலையும் இல்லை. நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான ஓர் அலசல், மருத்துவ வார்டுகளில் சேர்ந்தவர்களில் 23 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு, டெலிரியம் இருந்ததாகக் கணக்கிட்டது. இடுப்பெலும்பு முறிந்தவர்களிடமும் செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களிடமும் இன்னும் அதிகம்.

கத்துகிறவர், ஊசியைப் பிடுங்குகிறவர் மட்டுமாவது கண்ணில் படுகிறார். பேச்சு குறைந்து, கூப்பிட்டால் மெதுவாகத் திரும்பி, ஊட்டினால் விழுங்க மறந்து, நாள் முழுக்கச் சுருண்டு கிடக்கும் பாட்டிக்கும் இருப்பது டெலிரியம்தான். அவரை யாரும் கவனிப்பதில்லை. "தொந்தரவு பண்ணாம தூங்கறாங்க" என்று வார்டு நிம்மதி கொள்கிறது. ஆபத்து இந்த அமைதியான வகையில்தான் அதிகம். கண்டுபிடிக்கத் தாமதமாவதே முதல் காரணம்.

ஏன் எழுதுவதில்லை?

குழப்பம் ஒரு நோயாகவே கருதப்படுவதில்லை என்பதுதான் அடிப்படை. "வயசாயிடுச்சு, ஆஸ்பத்திரின்னா அப்படித்தான் இருக்கும், வீட்டுக்குப் போனா சரியாயிடும்" என்ற சமாதானம் டாக்டர், நர்ஸ், குடும்பம் மூவருக்கும் போதுமானதாக இருக்கிறது. தொற்று நோயறிதலாகிறது, சோடியக் குறைவு நோயறிதலாகிறது. அவற்றால் மூளை தடுமாறியது மட்டும் இரவுப் பணி நர்ஸின் குறிப்பேட்டில் "நோயாளி அமைதியின்றி இருந்தார்" என்று ஒதுங்கிவிடுகிறது.

அடுத்தது, சம்மரி தயாராகும் விதம். அதை எழுதுபவர் பெரும்பாலும் பணியில் இருக்கும் இளம் மருத்துவர். இரவு ஷிஃப்டில் அவர் இருந்திருக்க மாட்டார். நோயாளியின் கேஸ் ஷீட்டையும் பரிசோதனை முடிவுகளையும் வைத்து, முன்பே இருக்கும் படிவத்தில் நிரப்புகிறார். படிவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் ஆகியவற்றுக்கு இடம் உண்டு. மனத்தெளிவுக்கு ஆயத்த வாசகம் ஒன்று உண்டு. இடையில் தெளிவு போய் வந்ததைக் கேட்கும் கட்டம் இல்லை. கேட்காத கேள்விக்கு அவசரத்தில் யாரும் பதில் எழுதப்போவதில்லை.

மூன்றாவது காரணம் கூச்சம். "மனநோய்னு எழுதிடாதீங்க டாக்டர்" என்று குடும்பமே கேட்டுக்கொள்கிறது. காப்பீடு மறுக்கப்படுமோ, உறவினர் தவறாக நினைப்பார்களோ என்ற பயம். மருத்துவமனைக்கும் தன் பயம் உண்டு: "நல்லாத்தானே கூட்டிட்டு வந்தோம், இங்க வந்து இப்படி ஆயிடுச்சே" என்று சண்டை வருமோ?

எழுதாமல் விட்டால் என்ன ஆகும்?

சேதம் மருத்துவமனைக்கு வெளியேதான் தொடங்குகிறது.

மருந்திலிருந்து பார்ப்போம். இரவில் கத்திய முதியவரை அடக்க ஹாலோபெரிடாலோ குவெட்டியாபினோ கொடுத்திருப்பார்கள். சில நாட்களுக்கு மட்டும் என்று நினைத்துத் தொடங்கிய மருந்து, மாத்திரைப் பட்டியலில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுகிறது. எதற்காகத் தொடங்கினார்கள் என்று எழுதியிருக்காது. எப்போது நிறுத்த வேண்டும் என்றும் எழுதியிருக்காது. தெருமுனை மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி மாதாமாதம் வாங்குகிறார்கள். முதியவர் பகலெல்லாம் சோர்ந்து கிடக்கிறார், நடை தள்ளாடுகிறது, ஒருநாள் குளியலறையில் விழுகிறார். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகளில் ஒரு பிரிவு மரண அபாயத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. 2008-இல் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளுக்கும் எச்சரிக்கையை விரித்தது. காரணம் எழுதப்படாத மருந்தை நிறுத்தும் துணிவு அடுத்த டாக்டருக்கு எப்படி வரும்?

இரண்டாவது சேதம், தவறான முத்திரை. மருத்துவமனையில் பெயர் தெரியாமல் விழித்ததைக் கண்ட குடும்பம் "அப்பாவுக்கு மறதிநோய் வந்துடுச்சு" என்று முடிவுகட்டுகிறது. அவரிடமிருந்து வங்கிப் புத்தகத்தை வாங்கிக்கொள்கிறார்கள், வெளியே தனியாக விடுவதில்லை. உண்மையில் அவருக்கு இருந்தது சோடியக் குறைவு. இதற்கு நேரெதிராகவும் நடக்கிறது. அடியில் மெல்ல வளர்ந்துவரும் டிமென்ஷியாவை முதலில் வெளிக்காட்டுவது பல சமயம் இப்படியொரு திடீர்க் குழப்பம்தான். எழுதி வைத்திருந்தால் சில மாதங்கள் கழித்து நினைவாற்றலைச் சோதித்திருப்பார்கள். எழுதாததால் அந்த வாய்ப்பு நழுவுகிறது.

மூன்றாவது, அடுத்த சேர்க்கை. ஒருமுறை டெலிரியம் கண்டவருக்கு மறுமுறை வரும் வாய்ப்பு அதிகம். ஆறு மாதம் கழித்து கண்புரைக்கோ மூட்டு மாற்றுக்கோ போகும்போது மயக்க மருந்து நிபுணருக்கு இது தெரிந்தால் மருந்துத் தேர்விலிருந்து இரவுக் காவல்வரை எல்லாவற்றையும் மாற்றிக்கொள்வார். தெரியாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து நடக்கும்.

இதன் கனத்தை எண்கள் சொல்கின்றன. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் 2010-இல் வெளியான தொகுப்பாய்வில், டெலிரியம் கண்ட முதியவர்களைச் சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் 38 சதவீதத்தினர் இறந்திருந்தனர்; டெலிரியம் இல்லாதவர்களில் 27.5 சதவீதத்தினர். வயதையும் மற்ற நோய்களையும் கணக்கில் எடுத்த பிறகும் வேறுபாடு மறையவில்லை. பின்னாளில் டிமென்ஷியா வருவதும், பிறர் துணையின்றி வாழ முடியாமல் போவதும் அவர்களிடையே கூடுதலாகவே இருந்தன. மாரடைப்பு வந்து போனதை எழுதாமல் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப எந்த மருத்துவமனையும் துணியாது. இவ்வளவு முன்னறிவிப்பு தரும் இன்னொரு நிகழ்வை மட்டும் ஏன் எழுதாமல் அனுப்புகிறோம்?

எண்களில் அடங்காத சேதம் ஒன்றும் உண்டு. குழப்பத்தில் முதியவர் சொல்லும் சொற்கள் வீட்டுக்குள் தங்கிவிடுகின்றன. "மருமக என்னைக் கொல்லப் பாக்கறா" என்று வார்டே கேட்கக் கத்தியதை அந்த மருமகள் எப்படி மறப்பாள்? தெளிந்த பிறகு முதியவருக்கு அந்த இரவுகள் துண்டு துண்டாக நினைவுக்கு வரும். கட்டிப்போட்டதும், சுவரில் ஊர்ந்ததாகத் தெரிந்த பூச்சிகளும், தான் யாரையோ அடித்ததும். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்ற பயத்தை யாரிடமும் சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொள்வார். "அது நோய் பேசிய பேச்சு, நீங்கள் பேசியதல்ல" என்று ஒரு டாக்டர் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால் இரண்டு பேருக்கும் எத்தனை ஆறுதல்! சொத்துப் பத்திரம், வங்கிப் படிவம் போன்றவற்றில் மருத்துவமனைக் கட்டிலிலேயே கையெழுத்தோ கைரேகையோ வாங்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. எந்த நாட்களில் அவர் தெளிவாக இல்லை என்ற பதிவு முதியவருக்கும் பாதுகாப்பு, நேர்மையான பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

இங்கிலாந்தில் கடிதம், இங்கே காகிதம்

இங்கிலாந்தில் மருத்துவத் தரத்தை வகுக்கும் நைஸ் என்னும் தேசிய அமைப்பு, டெலிரியத்துக்கான வழிகாட்டுதலை 2010-இல் வெளியிட்டது. 2014-இல் அது வகுத்த தர அளவுகோல்களில் ஒன்று, டெலிரியம் இருந்தவரோ வந்து தெளிந்தவரோ மருத்துவமனையிலிருந்து போகும்போது அந்த நோயறிதலை அவருடைய குடும்ப மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது. தெளிந்துவிட்டது என்பதற்காகச் சொல்லாமல் விடக்கூடாது என்பதை அவர்கள் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள்.

அங்கே ஒவ்வொருவருக்கும் பதிவு செய்யப்பட்ட குடும்ப மருத்துவர் உண்டு. நம் ஊரில் அந்த ஏற்பாடு இல்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சிட்லபாக்கத்திலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் மாடம்பாக்கத்திலும் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறிய அரசு ஊழியர்களும் ரயில்வே ஊழியர்களும் ஆசிரியர்களும் இன்று முதுமையில் இருக்கிறார்கள். பிள்ளைகளில் பலர் ஓஎம்ஆரில், பெங்களூருவில், அமெரிக்காவில். காய்ச்சலென்றால் அருகிலுள்ள கிளினிக், விழுந்தால் வேறொரு மருத்துவமனை, இதயத்துக்கு இன்னொன்று, காப்பீடு எங்கே செல்லுமோ அதைப் பொறுத்து மற்றொன்று. இத்தனை டாக்டர்களையும் இணைப்பது குடும்பம் துணிப்பையில் தூக்கிக்கொண்டு அலையும் அந்த ஃபைல் ஒன்றுதான். ஒரு மருத்துவமனையின் கணினியை இன்னொன்று பார்ப்பதில்லை. ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லாதது அடுத்த டாக்டரைப் பொறுத்தவரை நடக்காதது. குடும்ப மருத்துவர் உள்ள நாட்டைவிட, இல்லாத நமக்குத்தான் அந்த ஒரு வரி கூடுதலாகத் தேவை.

தேவை வளர்ந்துகொண்டே போகிறது. மக்கள்தொகை மதிப்பீட்டின்படி 2021-இல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதத்தினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. 2031-இல் இது 18.2 சதவீதமாகும் என்று கணிக்கப்பட்டுள்ளது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். இந்தியாவில் அறுபது கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. டெலிரியத்துக்கு எளிதில் இலக்காகிறவர்கள் இவர்களே.

இரண்டு நிமிடச் சோதனை

கண்டறிவது கடினம் என்ற சாக்கு இனி செல்லாது. அமெரிக்க மருத்துவர் ஷரோன் இனோயி 1990-இல் வெளியிட்ட சோதனை முறை உலகெங்கும் பயன்பட்டுவருகிறது. எடின்பரோவில் அலஸ்டேர் மெக்லலிக்கும் சக மருத்துவர்களும் உருவாக்கிய 4ஏடி இன்னும் எளிது; இரண்டு நிமிடத்துக்குள் முடியும்; தனிப் பயிற்சி வேண்டாம்; நர்ஸே செய்யலாம். நோயாளி விழிப்போடு இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். வயது, பிறந்த தேதி, இருக்கும் இடம், நடக்கும் ஆண்டு ஆகிய நான்கையும் கேட்க வேண்டும். மாதங்களைக் கடைசியிலிருந்து திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். சமீபத்தில் திடீர் மாற்றமோ ஏற்ற இறக்கமோ உண்டா என்று உடனிருப்பவரிடம் விசாரிக்க வேண்டும். நான்கு மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் டெலிரியம் இருக்கக்கூடும் என்று கொண்டு காரணத்தைத் தேட வேண்டும். நைஸ் அமைப்பும் 2023-இல் இந்தச் சோதனையைப் பரிந்துரைத்தது.

அப்படியே எடுத்து வைத்தால் நம் முதியவர்களுக்குப் பொருந்தாது. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிய பிறந்த தேதியே பலருக்கு ஆதாரில் இருக்கிறது. பள்ளிக்கே போகாத பாட்டிக்கு அதுவும் தெரியாது. ஜனவரி, பிப்ரவரியைத் திருப்பிச் சொல்லத் திணறுபவர் சனி, வெள்ளி, வியாழன் என்று கிழமைகளைத் தடையின்றித் திருப்பிச் சொல்லக்கூடும். படிப்பறிவு இல்லாததை மூளைக் குழப்பம் என்று கணக்கிட்டுவிடக் கூடாது. ஆகவே நம் மக்களுக்கேற்ற தமிழ் வடிவத்தை நம் மருத்துவர்களே சோதித்துத் தரவேண்டும். அதற்கான தகுதி தமிழ்நாட்டுக்கு உண்டு. நாட்டிலேயே முன்னோடியாக 1978-இல் முதியோர் மருத்துவப் பிரிவு தொடங்கியது சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான். அத்துறையில் எம்.டி. பட்டப் படிப்பை 1996-இல் தொடங்கியது சென்னை மருத்துவக் கல்லூரி. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டிருக்கிறது. தாம்பரத்திலிருந்து அது அரை மணிப் பயணம். இந்தச் சோதனையைத் தமிழில் வடிவமைக்க அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

ஒரு வலிமையும் நம்மிடம் இருக்கிறது. மேலைநாட்டு வார்டில் முதியவர் தனியாகக் கிடப்பார். இங்கே இரவும் பகலும் வீட்டு ஆள் ஒருவர் துணைக்கு இருப்பார். "இவர் எப்பவும் இப்படித்தானா, எப்போதிலிருந்து மாறினார்?" என்ற கேள்விக்கு அவரைவிட நன்றாகப் பதில் சொல்லக்கூடியவர் யார்? நாளுக்கு ஒருமுறை அவரிடம் அதைக் கேட்டு எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கண்டறிந்து எழுதத் தொடங்கினால் தடுக்கவும் தொடங்குவோம். இனோயியின் குழு அமெரிக்காவில் 70 வயது கடந்த 852 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1999-இல் வெளியானது. கண்ணாடியும் காதுக்கருவியும் கையருகே, போதிய தண்ணீர், எழுந்து நடக்க உதவி, கெடாத இரவுத் தூக்கம், இன்று என்ன கிழமை என்று நினைவூட்டும் பேச்சு. இவ்வளவுதான் சிகிச்சை. டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தது. நம் மருத்துவமனைகள் இதில் எங்கே நிற்கின்றன என்று யாராலும் சொல்ல முடியாது. எழுதாததை எண்ண முடியாது.

தயக்கங்களுக்குப் பதில்

காப்பீடு மறுக்கப்படும் என்ற பயத்தைப் புறந்தள்ள முடியாது. ஆனால் இதற்குச் சட்டத்தின் துணை உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்கிறது. மேலும், டெலிரியம் உடல்நோயின் விளைவு. "சிறுநீர்த் தொற்றால் ஏற்பட்ட தற்காலிகக் குழப்பம், தெளிந்துவிட்டது" என்று காரணத்தோடு சேர்த்து எழுதினால் யாரும் அதை மனநோய் என்று திரிக்க இடமில்லை. கூடுதல் பரிசோதனைகளும் கூடுதல் நாட்களும் ஏன் தேவைப்பட்டன என்பதற்கு அதுவே நியாயமும் ஆகும்.

மருத்துவமனைமேல் பழி வரும் என்ற பயத்துக்கும் பதில் பேச்சில்தான் இருக்கிறது. சேர்க்கும்போதே "இந்த வயதில் இப்படி ஆகக்கூடும், பயப்பட வேண்டாம், கவனித்துக்கொள்வோம்" என்று சொல்லிவிட்டால் பிறகு வரும் சண்டையில் பெரும்பகுதி இல்லாமலே போகும். குடும்பத்தின் கோபம் பெரும்பாலும் தங்களிடம் யாரும் எதையும் சொல்லவில்லை என்பதில்தான் பிறக்கிறது.

நேரமில்லை என்பது உண்மையான குறை. நெரிசல் மிகுந்த அரசு வார்டில் ஒரு நர்ஸ் எத்தனை பேரைப் பார்ப்பார்? அதனால்தான் எல்லாருக்கும் என்று கேட்காமல், அறுபது கடந்தவர்களுக்கு, ஒரே ஒரு கட்டம் என்று கேட்கிறோம்.

என்ன எழுத வேண்டும், யார் செய்ய வேண்டும்?

ஆறு தகவல்கள் போதும். மருத்துவமனையில் இருந்தபோது திடீர்க் குழப்பம் வந்ததா, எந்தத் தேதியிலிருந்து எதுவரை, என்ன காரணம், வீடு திரும்பும் நாளில் முழுதும் தெளிந்துவிட்டாரா, பாதி நிலைதானா, அதற்காகத் தொடங்கிய மருந்தை எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும், நினைவாற்றலைச் சோதிக்க எப்போது வரவேண்டும். இதன் கீழே குடும்பத்துக்குத் தமிழில் நாலு வரி: தெளிய வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகலாம், தண்ணீர், தூக்கம், நடை மூன்றையும் கவனியுங்கள், இருமல் மருந்தோ தூக்க மாத்திரையோ கேட்காமல் வாங்காதீர்கள், மறுபடி குழம்பினால் காத்திருக்காமல் உடனே அழைத்து வாருங்கள்.

இதைச் செய்விக்கும் நெம்புகோல் அரசின் கையில் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளின் டிஸ்சார்ஜ் படிவத்தில், அறுபது கடந்தவர்களுக்கு இந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்க ஓர் உத்தரவு போதும். கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்து, பிரசவம்வரை தொடர்ந்து பதிவு செய்யும் மாநிலம் இது. ஒவ்வொரு மகப்பேறு மரணத்தையும் தனித்தனியே ஆராய்ந்து தாய்மார் இறப்பைக் குறைத்த மாநிலம் இது. எழுதிவைத்தால் உயிர் பிழைக்கும் என்பதை நம் சுகாதாரத் துறைக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தாய்க்குச் செய்ததைப் பாட்டிக்கும் செய்ய வேண்டும், அவ்வளவே.

தொடங்குவதற்குத் தாம்பரம் நல்ல இடம். 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியத்தால் பெயர்பெற்ற ஊர் இது. நோயாளி வீட்டுக்குப் போன பிறகும் அட்டையில் பதிவுசெய்து தொடர்வதுதான் காசநோய்ச் சிகிச்சையின் உயிர்நாடி என்பதை அறிந்த ஊர். 2025-இல் திறக்கப்பட்ட அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021-இல் உருவான மாநகராட்சி இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டுக்கே போகிறார்கள். மருத்துவமனையில் குழம்பித் தெளிந்த முதியவரின் சம்மரியை அவர்கள் பார்த்து, "இப்ப எப்படி இருக்காரும்மா, அந்த ராத்திரி மாத்திரையை நிறுத்தியாச்சா?" என்று கேட்டால் போதும். இங்கிலாந்தின் குடும்ப மருத்துவர் செய்யும் வேலையில் ஒரு முக்கியப் பகுதி நம் வாசலிலேயே நடந்துவிடும். அரசு மருத்துவமனையும் இப்பகுதியின் பெரிய தனியார் மருத்துவமனைகளும் சேர்ந்து ஓராண்டு செய்துபார்த்தால், மாநிலம் முழுதுக்கும் வழி கிடைக்கும்.

அரசாணை வரும்வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டு முதியவரை அழைத்துக்கொண்டு கிளம்பும் முன், ஃபைலை வாங்கியதும் ஒரு நிமிடம் நின்று படியுங்கள். அவர் குழம்பியிருந்தார் என்றால் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "ரெண்டு நாள் குழப்பமா இருந்தாரே, அது எதனால? முழுசா சரியாயிடுச்சா? அதுக்குக் கொடுத்த மருந்தை எப்போ நிறுத்தணும்? தயவுசெய்து இதை சம்மரியில எழுதிக் கொடுங்க." எழுதித் தர மறுத்தால், தேதி, நேரம், நடந்தது மூன்றையும் நீங்களே ஒரு தாளில் எழுதி அந்த ஃபைலில் வையுங்கள், அடுத்த டாக்டரிடம் அதை முதலில் காட்டுங்கள். தன் மருத்துவ விவரங்களின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் சொல்கின்றன. நடந்ததை எழுதித் தரச் சொல்லிக் கேட்பது முதியவரின் உரிமை. அதை அவருக்காகக் கேட்பது அவரை அழைத்துச் செல்லும் பிள்ளைகளின் கடமை.